ஊட்டி ஏற்றத்துக்கு 53/39-ஆ, 50/34-ஆ? ஓட்டியவர்கள் எழுதுங்கள்

குன்னூரிலிருந்து:

ரோடு பைக் வாங்கப் போகிறவர் யாராக இருந்தாலும் கேட்பது இதுதான், காம்பாக்ட் எடுக்கட்டுமா ஸ்டாண்டர்ட் எடுக்கட்டுமா என்று. மிதியோடு சேர்ந்து சுற்றும் முன் பல்சக்கரங்கள் (ரிங்) இரண்டும் 53, 39 பல் என்றால் ஸ்டாண்டர்ட், 50, 34 பல் என்றால் காம்பாக்ட். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது. நம் மலையில் இரண்டையும் மிதித்துப் பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். எந்த ரோடு, முன்னால் என்ன ரிங், பின்னால் எத்தனை பல், முழங்கால் என்ன சொல்கிறது, இவ்வளவு போதும். கம்பெனி விளம்பரத்தில் போட்டிருப்பது எங்களுக்கும் தெரியும், அதை இங்கே ஒட்ட வேண்டாம்.

என்னுடையது கோயம்புத்தூரில் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி. முன்னால் 53/39, பின்னால் 12-25, அதாவது பின் பல்சக்கரங்களில் சின்னது 12 பல், பெரியது 25. அவருக்கு அவினாசி ரோடு, எனக்கு மேட்டுப்பாளையம் குன்னூர் மலைப்பாதை, வித்தியாசம் அங்கேயே இருக்கிறது. மேட்டுப்பாளையம் வரை அந்த வண்டியைக் குறை சொல்லவே முடியாது. கல்லாறு தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் கடைசி கியருக்குப் போய்விடுவேன், அதற்கப்புறம் குன்னூர் பஸ் ஸ்டாண்ட் வரும் வரை ஷிஃப்டரைத் தொட வேலையே இருக்காது, கீழே போக கியர் இருந்தால்தானே.

கணக்கைப் பாருங்கள். 39/25 (முன்னால் 39 பல், பின்னால் 25) என்றால் மிதி ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் 1.56 சுற்று சுற்றும், வண்டி சுமார் 3.3 மீட்டர் நகரும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சராசரியாக 5 சதவீத ஏற்றம் என்று வைத்துக்கொள்ளலாம், என்னைப் போன்ற ஆள் அதில் மணிக்கு 10 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். அந்த வேகத்தில் 39/25-இல் நிமிடத்துக்கு 50 சுற்றுதான் கால் சுற்றும். 34/28-இல் அதே வேகத்துக்கு 65 சுற்று. மலையை ஏறத் தேவையான உழைப்பு இரண்டிலும் ஒன்றுதான், அதை யாரும் குறைத்துத் தர முடியாது. ஆனால் 50 சுற்றில் ஒவ்வொரு மிதிக்கும் போடுகிற அழுத்தம் கால் பங்குக்கும் மேல் அதிகம், அது நேராக முழங்கால் சிப்பியில்தான் போய் உட்காரும். 65 சுற்றில் அந்தப் பாரத்தில் கொஞ்சத்தை மூச்சு ஏற்றுக்கொள்கிறது. மூச்சு வளைவில் ரெண்டு நிமிஷம் நின்றால் திரும்பி வந்துவிடும், முழங்கால் அப்படி இல்லை. பக்கத்தில் ஓடும் மலை ரயிலே கல்லாறு குன்னூர் இடையில் பல் சட்டத்தைக் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது, 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம், நாம் என்ன பெரிய ஆளா.

சரி, 39-ஐக் கழற்றி 34 போட்டுவிடலாம் என்று மேட்டுப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் கிராங்கை, அதாவது மிதியும் ரிங்கும் மாட்டும் பாகத்தை, துணியால் துடைத்துவிட்டு, போல்ட் வட்டத்தின் மேல் விரலை ஓட்டினார். "தம்பி, இது 130. 38-க்குக் கீழ எதுவும் உக்காராது. 34 வேணும்னா 110 கிராங்க்." அவ்வளவுதான் விஷயம். ஐந்து கை உள்ள பழைய ஸ்டாண்டர்ட் கிராங்கில் ரிங் போல்ட்டுகள் உட்காரும் வட்டம் 130 மி.மீ., காம்பாக்ட்டில் 110 மி.மீ. வட்டம் பெரிதாக இருந்தால் அதைவிடச் சின்ன ரிங்கை மாட்ட இடமே கிடையாது. ஷிமானோ கம்பெனியின் 105 என்ற பாக செட்டில் 5800 சீரீஸிலிருந்து நான்கு கை கிராங்க் வந்துவிட்டது, அதில் எல்லாமே 110, ஒரே கிராங்கில் 53/39, 52/36, 50/34 மூன்றில் எதையும் மாட்டலாம். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் விலை பேசும் முன் கைகளை எண்ணிவிடுங்கள்.

கடைசியில் முழு கிராங்கையும் மாற்றினோம், கூடவே பின்னால் 11-28. அண்ணன் அதிக நேரம் செலவழித்தது, செயினை ஒரு ரிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் ஃப்ரண்ட் டெரெய்லரில்தான். 53 போய் 50 வந்தால் ரிங்கின் விளிம்பு சுமார் 6 மி.மீ. உள்ளே போய்விடும், டெரெய்லரையும் அதே அளவு கீழே இறக்க வேண்டும். இறக்கியதும் ஃபிரேமில் பழைய கிளாம்ப் இருந்த இடத்தில் பெயின்ட் மங்காமல் ஒரு பட்டையாகத் தெரிந்தது, இன்னும் தெரிகிறது. வெளித் தகட்டுக்கும் பல் நுனிக்கும் 1 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும், அவர் ஒரு நாணயத்தை இடையில் செருகிப் பார்த்தார். இதைச் செய்யாமல் கிராங்கை மட்டும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டு, காம்பாக்ட்டில் செயின் விழுகிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய.

இனி காம்பாக்ட்டின் குறை. மலையில் எனக்கு அது கடவுள், சமவெளியில் எரிச்சல். தனியாக மணிக்கு 27 கிலோமீட்டரில் போகிறவருக்கு 90 சுற்றில் ஏறக்குறைய 2.4 என்ற விகிதம் வேண்டும். பழைய வண்டியில் அது 39/16. செயின் நேர்கோட்டில், கேசட்டின் (பின் பல்சக்கர அடுக்கின்) நடுவில், சத்தமே இல்லாமல் ஓடும். 50/34-இல் அதே வேகத்துக்கு ஒன்று 50/21, இல்லை 34/14. இரண்டிலும் செயின் கோணலாகப் போகும். சரியாக நாம் அதிக நேரம் ஓட்டும் வேகத்தில்தான் எந்த ரிங்கில் இருப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கிறது. மாற்றினாலும் 16 பல் தாவல், ஸ்டாண்டர்ட்டில் 14-தான். முன்னால் இறக்கிய கையோடு பின்னால் இரண்டு மூன்று கியர் கூட்டவில்லை என்றால் கால் காற்றில் சுற்றும்.

ஆனாலும் இந்த மலையில் குடியிருப்பவனுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் ரோட்டில் மிக மெதுவாக நகரும் இடம் எது என்று பாருங்கள், அங்கே நிமிடத்துக்கு 60 சுற்றாவது வர வேண்டும், அதற்கு எந்த கியர் வேண்டுமோ அதைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். வேகமான இடத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இறக்கத்தில் 53 இல்லாமல் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். குன்னூர் இறக்கத்தில் எதிரே அரசுப் பேருந்து வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு வரும்போது மிதிக்கவா போகிறீர்கள்? கை இரண்டும் பிரேக்கில்தான் இருக்கும்.

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, கணக்கெல்லாம் சரி, ஆனால் கிராங்கைக் கழற்றாமலே இன்னொரு வழி இருக்கிறது. என் வண்டியில் இன்னமும் 53/39-தான். பின்னால் மட்டும் 11-32 போட்டேன். 39-ஐ 32-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.22. உங்கள் 34/28-உம் அதே 1.21. ஏற்றத்தில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் போனால் கால் ஒரே மாதிரிதான் சுற்றும்.

ஒரு சிக்கல் மட்டும். என் பழைய ரியர் டெரெய்லர் குட்டைக் கூண்டு (செயின் தொய்வை இழுத்துப் பிடிக்கும் கை குட்டை), 105 5800-தான், அதற்குக் கம்பெனிக் கணக்கில் 28 பல் வரைதான், செயின் இழுத்துக்கொள்ளும் திறன் 33 பல். முன்னால் 14 பல் வித்தியாசம், பின்னால் 21, கூட்டினால் 35. தாங்காது. அதனால் நீளக் கூண்டு உள்ளதை வாங்கினேன், அதன் திறன் 39. கேசட், டெரெய்லர், புது செயின் எல்லாம் சேர்த்தும் கிராங்க் மாற்றுவதைவிடக் குறைவாகத்தான் முடிந்தது. (உங்கள் 50/34-உம் 11-28-உம் கூட்டினால் சரியாக 33, குட்டைக் கூண்டிலேயே ஓடும், அதில் நீங்கள் லாபம்.)

நான் அதிகம் ஓட்டுவது கோத்தகிரி ஊட்டி ரோடு. அது மேட்டுப்பாளையம் ரோடு மாதிரி ஒரே ஏற்றம் கிடையாது, ஏறும், இறங்கும், தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறும். இந்த மாதிரி ரோட்டில் 39 ரிங்கிலேயே உட்கார்ந்துகொண்டு பின்னால் மட்டும் மாற்றி மாற்றிப் போய்விடலாம், முன்பக்கம் தொடவே வேண்டாம். காம்பாக்ட் வைத்திருக்கும் நண்பர் என்னோடு வந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் அவர் வண்டியில் டடக் என்று சத்தம் கேட்கும், ஒருமுறை மழையில் செயின் உள்பக்கம் விழுந்து பாட்டம் பிராக்கெட்டுக்கும் (கிராங்க் அச்சு சுழலும் இடம்) ரிங்குக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது, கை முழுக்க கிரீஸோடு தேயிலைச் செடியில் துடைத்துக்கொண்டார்.

குறை சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. 11-32-இல் 15, 17, 19 மூன்றும் கிடையாது. 14-க்கு அடுத்து 16, அப்புறம் 18, 20. குழுவோடு சமவெளியில் போகும்போது ஒன்று கால் பதறும், இல்லை பாரமாக இருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலை ஏறுகிறவள், மற்ற நாள் எல்லாம் வாளையார் பக்கம். 52/36, பின்னால் 11-30. கடையில் ரெண்டுங்கெட்டான் என்று சிரித்தார்கள், எனக்கு அதுதான் பொருந்துகிறது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று முதுகைத் தள்ளும்போது மட்டும் பெரிய கியருக்கு ஆசை வரும். ஆனால் அந்தக் காற்றிலும் 50/11 வைத்திருக்கும் தோழி என்னைவிட்டு விலகுவதே இல்லை. 53/12-ஐவிட 50/11 பெரிய கியர் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை, 4.42-க்கு 4.55. 11 பல் கேசட் வந்த பிறகு 53 இல்லாவிட்டால் வேகம் போய்விடும் என்பது பழைய பேச்சு. 90 சுற்றில் 50/11 மணிக்கு 51 கிலோமீட்டர் தருகிறது, எனக்கு அதற்கு மேல் எங்கே அவசரம்.

குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி ஏறும்போது 36/30 போதும், கஷ்டப்பட்டாவது ஏறிவிடுவேன். கல்லட்டியை நினைத்தால்தான் பயம். போனவர்கள் சொல்லுங்கள்.

மசினகுடியிலிருந்து:

கல்லட்டி கேட்டீங்களே, சொல்கிறேன். 36 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை உண்டு. மாவனல்லா தாண்டியதும் ஆரம்பித்துத் தலைக்குந்தாவில்தான் விடும், நடுவில் இளைப்பாற சமதளம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சுமார் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். வெளியூர் வண்டிகளை இந்த ரோட்டில் இறங்கவே விடுவதில்லை என்றால் சரிவைப் புரிந்துகொள்ளுங்கள். டூர் ஆஃப் நீல்கிரீஸ் சைக்கிள் பயணத்துக்கு வருகிறவர்கள் டிசம்பரில் இதில் ஏறுவதை வருஷா வருஷம் ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறேன். முன்னால் போகிற ஆட்களை விடுங்கள், அவர்கள் வேறு ஜாதி. நடுவில் வருகிறவர்களின் காலைப் பார்த்தாலே கியர் தெரிந்துவிடும். சின்ன கியர் உள்ளவர் உட்கார்ந்தே வருவார், தோள் ஆடாது. பெரிய கியர்காரர் எழுந்து நின்று வண்டியை இடமும் வலமும் முறுக்குவார், ரோட்டின் அகலம் முழுக்கக் கோணல் மாணலாகப் போவார், அப்புறம் ஷூவின் கிளிப்பை விடுவித்து இறங்கித் தள்ளுவார். ஒருமுறை இறங்கினால் அந்தச் சரிவில் திரும்ப ஏறிக் கிளம்புவது தனி வித்தை, ஒரு காலை மாட்டி மிதிப்பதற்குள் வண்டி பின்னால் நகரும்.

நான் ஓட்டுவது 50/34, பின்னால் 11-34. அதாவது மிதி ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. மணிக்கு 7 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 55 சுற்று வருகிறது. அதே வேகத்தில் குன்னூர் அண்ணனின் பழைய 39/25 என்றால் 35 சுற்றுதான், அது மிதிப்பதே இல்லை, படி ஏறுவது. 34/28-ம் எனக்கு இங்கே போதவில்லை, உள்வளைவில் சரிவு திடீரென்று செங்குத்தாகும் இடங்களில் நின்றே போய்விடும். வளைவின் உள்பக்கத்தை விட்டுவிட்டு, எதிரே வண்டி இல்லை என்று பார்த்து, வெளிவட்டத்தில் போனால் சரிவு குறையும். கியரை வளைவுக்கு முன்பே இறக்கிவிடுங்கள், பாரத்தில் முன் ரிங்கை மாற்றினால் செயின் திணறும்.

இன்னொன்று, சீகூர் பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடம். காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு கிளம்புங்கள்.

ஊட்டியிலிருந்து:

எல்லோரும் காம்பாக்ட் என்கிறீர்கள், நான் 48/32-க்குப் போய்விட்டேன், பின்னால் 11-34. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, 2,240 மீட்டரில் மூச்சும் பழைய மாதிரி இல்லை. தொட்டபெட்டா ரோட்டில் 32/34 போட்டு உட்கார்ந்துவிட்டால் நடந்து போகிறவரோடு பேசிக்கொண்டே ஏறலாம். பசங்க கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

குன்னூரிலிருந்து:

சார், 48/32 எந்த கிராங்கில் போட்டீர்கள்? 110 வட்டத்தில் 32 உட்காராதே, தனி கிராங்காகத்தானே வாங்கியிருக்க வேண்டும். மாடல் பெயரையும் உங்கள் பாட்டம் பிராக்கெட் என்ன வகை என்பதையும் எழுதுங்கள். கோயம்புத்தூர்த் தோழிக்கு: 36-ஐ மாற்ற வேண்டாம், கல்லட்டிக்கு முன் பின்னால் 11-34 மட்டும் போட்டுப் பாருங்கள், உங்கள் டெரெய்லர் 34 தாங்குமா என்று கடையில் கேட்டுவிட்டு. 36/34 என்றால் 1.06, மசினகுடிக்காரர் ஓட்டும் கியருக்கு ஒரு மயிரிழைதான் மேலே. செயினும் நீளம் பார்த்து மாற்ற வேண்டியிருக்கும். பெரிய ரிங், பெரிய பல் இரண்டிலும் செயினை டெரெய்லரில் கோர்க்காமல் சுற்றி, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டச் சொல்லுங்கள்.