சி6 காயம்: காலையிலேயே அசதி, மத்தியானம் முழுக்கத் தூக்கம். பேக்லோஃபெனை நிறுத்தலாமா?

பவானிக்கரை:
அண்ணனுக்குக் கழுத்தில் சி6 (ஆறாவது கழுத்து மட்டம்) தண்டுவடக் காயம், 3 வருஷம் ஆகிறது. தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் 20 மி.கி. மூணு வேளை, ராத்திரி நரம்பு வலி மாத்திரை பிரீகாபலின் 75 மி.கி. வீல்சேரில் உட்கார வைத்த அரை மணியில் துவண்டுவிடுகிறார். சாப்பிட்ட பிறகு கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ஹீமோகுளோபின் 13.2, தைராய்டும் சரி. பேக்லோஃபெனை நிறுத்திப் பார்க்கலாமா?

நர்ஸக்கா:
வேண்டாம். திடீர்னு நிறுத்தினா இறுக்கம் பல மடங்கு திரும்பும்; காய்ச்சல், குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும். குறைக்கணும்னா டாக்டர் சொல்ற அளவில், வாரக் கணக்கில் படிப்படியா.

முதல்ல பி.பி. பாருங்க. படுத்திருக்கும்போது ஒண்ணு, உட்கார்ந்ததும் ஒண்ணு, 3ஆம் நிமிஷம், 10ஆம் நிமிஷம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினா அசதிக்கு அதுவே காரணமா இருக்கலாம். கழுத்துக் காயத்தில் ரத்தக்குழாயைச் சுருக்கச் சொல்லும் தகவல் கீழே போய்ச் சேராது, ரத்தம் காலிலும் வயித்திலும் தேங்கிடும். அதைக் குறைக்க வயித்தை அமுக்கிப் பிடிக்கிற பெல்ட்டைப் படுக்கையிலேயே கட்டிடணும். விலாவுக்குக் கீழே நிக்கணும். மேலே ஏறினா மூச்சு வாங்கும்.

இதையும் மனசுல வைங்க: தலைவலி, முகம் சிவந்து வியர்வை, பி.பி. எகிறுதுன்னா கதை நேர் எதிர். அப்போ படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைச்சு, பெல்ட்டைத் தளர்த்தி, கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) மடங்கியிருக்கா, மலம் இறுகியிருக்கான்னு பாருங்க. உடனே அடங்கலைன்னா ஆஸ்பத்திரிதான்.

சக்கரக்கால்:
மத்தியானத் தூக்கத்துக்குத் தட்டு நிறையச் சோறும் ஒரு காரணம். சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குப் போய் பி.பி. இன்னும் இறங்கும். அதே சாப்பாட்டை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு மணி நேர இடைவெளி விட்டுக் கொடுங்க.

ராத்திரி எத்தனை தடவை கத்தீட்டர் போடுறீங்க? பகல் முழுக்கக் காலில் தேங்கின நீர், படுத்ததும் ரத்தத்தில் கலந்து சிறுநீரா வரும். பிரீகாபலினும் கால் வீக்கம் தரும், அதை யாரும் சொல்றதில்லை. சாயங்காலம் 5 மணிக்குக் காலை உயர்த்தி ஒரு மணி நேரம் படுக்க வைங்க. அந்த நீர் தூங்குறதுக்கு முன்னாடியே வெளியேறிடும். குடிக்கிற தண்ணியைக் குறைக்காதீங்க, பெரும்பகுதியை 6 மணிக்கு முன்னாடி முடிங்க.

குறட்டை இருந்தா தூக்கப் பரிசோதனை அவசியம். கழுத்துக் காயத்தில் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுறது ரொம்ப சகஜம்.

பஞ்சர்கடை:
தானே தள்ளுறாரா? டயர் காத்தைப் பாருங்க. கட்டைவிரலால அமுக்கிப் பார்த்தா தெரியாது. டயர் ஓரத்தில் அச்சடிச்ச அளவுக்கு கேஜ் வைச்சு அடிங்க. காத்துக் குறைஞ்ச டயரைத் தள்ளியே தோள் ஓய்ஞ்சிடும்.

பவானிக்கரை:
பி.பி. பார்த்தாச்சு. படுத்து 116/72, 3ஆம் நிமிஷம் 86/54. பெல்ட்டை இத்தனை நாளும் உட்கார்ந்த பிறகுதான் கட்டுகிறோம். குறட்டையும் உண்டு.

நர்ஸக்கா:
பெல்ட்டோட நாளைக்கு அதே நேரத்தில் மறுபடி எடுங்க. ரெண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதி, குறட்டையையும் குறிச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.