முதல் குறும்படம்: பயிற்சி வகுப்பா, சொந்த கேமராவா?

புதுவரவு (கேள்வி):

வணக்கம். சினிமாவில் எனக்கு யாரையும் தெரியாது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, வேலைக்குப் போகிறேன். ஒரு குறும்படக் கதை மட்டும் கையில் இருக்கிறது. கண் மங்கிக்கொண்டு வரும் தையல்காரர் ஒருவர் ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவார். ஒரு நாள் கூப்பிடாமலேயே இருந்துவிடுவார். அவ்வளவுதான் கதை. நோட்டில் எட்டுப் பக்கம் வந்திருக்கிறது.

இளைஞர்களுக்கும் புதிதாகப் படம் எடுக்க வருபவர்களுக்கும் சேர்த்து, வார இறுதிகளில் ஒரு சமூகத் திரைப்பட வகுப்பு நடத்துகிறார்கள். கடைசியில் குழுவாக ஒரு ஐந்து நிமிடப் படம் எடுக்க வேண்டுமாம். சேரலாமா? இல்லை, அந்தக் காசில் ஒரு கேமரா வாங்கி யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது மேலா? பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்காரக் கூச்சமாகவும் இருக்கிறது.

பூம்காரன்:

கேமராவைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் போனில் இருப்பதே முதல் படத்துக்குப் போதும். யூடியூப் எல்லாவற்றையும் சொல்லித்தரும். உங்களுக்காக பூம் (நீளக் கம்பில் மாட்டிய மைக்) பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கை வலிக்க நிற்பதற்கு மட்டும் ஆள் தராது. வகுப்புக்குப் போவதே அந்த ஆட்களுக்காகத்தான்.

நான் சவுண்டு ஆள். இப்படிப்பட்ட வகுப்புகளில் ஒலிப்பதிவு சொல்லித்தருகிறேன், அதனால் கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் பேசுவேன். சேரும் முன் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேளுங்கள்: 'எல்லாரும் எல்லா வேலையும் மாற்றி மாற்றிச் செய்வோமா?' முதல் வாரம் கேமராவைப் பிடித்தவரிடமே கடைசிவரை கேமரா இருந்தால், மற்றவர்கள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒருவர் இயக்கும்போது இன்னொருவர் கிளாப் அடிக்க வேண்டும், அடுத்த ஷாட்டில் அது மாற வேண்டும். கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எது எப்படி இருந்தது என்ற குறிப்பு) எழுதிப் பார்த்தவருக்குத்தான், இயக்குநர் திடீரென்று டம்ளரை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றச் சொன்னால் வயிறு ஏன் கலங்குகிறது என்று புரியும்.

முதல் வகுப்பில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள். எனக்குப் பிடித்த பயிற்சி லூமியே நிமிடம். சினிமாவின் முன்னோடிகளான பிரான்ஸின் லூமியே சகோதரர்கள் 1895-இல் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 விநாடி ஓடும். கேமரா நகராது, கட் கிடையாது. அதே மாதிரி ஒரு நிமிடம் போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எதையாவது எடுத்து வர வேண்டும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் எங்கே வைப்பது, எப்போது ரெக்கார்டை அழுத்துவது, இந்த இரண்டைத் தவிர உங்கள் கையில் வேறொன்றும் இருக்காது. ஒவ்வொருவர் எடுத்ததையும் எல்லாரும் உட்கார்ந்து பார்க்கும்போது தெரியும், யாருக்குப் பொறுமை இருக்கிறது என்று. வந்ததும் வராததுமாக லென்ஸ் வகைகளை ஸ்லைடு போட்டு நடத்துகிற இடம் என்றால் யோசியுங்கள்.

ரஃப்கட்:

மேலே சொன்னது சரி, ஆனால் பாதிதான். குழுப்படத்தில் ஒரு சிக்கல் உண்டு. டைட்டிலில் பதினாலு பெயர் ஓடும், யாருக்கும் அது தன் படம் என்று தோன்றாது. சத்தமாகப் பேசுகிறவர் கதைதான் ஓட்டில் ஜெயிக்கும். உங்கள் தையல்காரர் கதையைக் குழுவில் வைத்தால், இரண்டாவது வாரமே யாராவது அதில் ஒரு கொலையைச் செருகிவிடுவார்கள். அதனால் அதை வெளியே எடுக்காதீர்கள். குழுப்படத்தில் வேலையைக் கற்றுக்கொண்டு, அங்கே கிடைக்கும் நாலு பேரை வைத்து அப்புறம் உங்கள் படத்தை எடுங்கள்.

அப்புறம் எடிட்டிங். பல வகுப்புகளில் ஷூட்டிங்கிலேயே நாள் முழுக்கத் தீர்ந்துபோய், கடைசி வாரம் சொல்லித்தருகிறவரே உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுவார். நான் போன வகுப்பிலும் அதுதான் நடந்தது. பார்க்கப் படம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எங்களில் ஒருவருக்கும் கட் பண்ணத் தெரியவில்லை. டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்கு ஏகப்பட்டது. எடிட்டிங்குக்கு எத்தனை வகுப்பு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஊர்க்காரர்களை வைத்து எடுக்கும்போது எழுத்தில் சம்மதம் வாங்குவதை வகுப்பில் சொல்லித்தருகிறார்களா பாருங்கள். 1967-இல் கனடாவின் ஃபோகோ தீவில் அந்நாட்டுத் திரைப்பட வாரியத்துக்காக காலின் லோ மீனவர்களை வைத்துக் குறும்படங்கள் எடுத்தார். எடுத்ததை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள், தங்களைப் பற்றிய பகுதி வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. சமூகப் படம் என்று பெயர் வைத்துக்கொண்டு இந்த ஒன்றை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மூணாவது அசிஸ்டென்ட்:

அக்கா (அண்ணனாக இருந்தால் மன்னிக்கவும்), நான் அந்தப் பதினேழு வயதுக் கூட்டத்து ஆள்தான். கூச்சப்படவே வேண்டாம். எங்கள் வகுப்பில் வயதில் பெரியவர் ஒருவர் இருந்தார். லொகேஷன் கேட்டு நாங்கள் போனால் கதவே திறக்க மாட்டார்கள், அவர் போனால் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள். நடிக்க வந்த பாட்டியிடம் 'இன்னொரு டேக் போலாமா' என்று கேட்கவும் எங்களுக்கு வாய் வராது, அவர்தான் கேட்பார். உங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

புதுவரவு:

அக்காதான், மன்னிப்பெல்லாம் வேண்டாம். சேர்ந்துவிட்டேன். வேலை மாற்றி மாற்றித்தான் தருவார்களாம். எடிட்டிங்குக்கு இரண்டே வகுப்பு என்றார்கள், இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கதையை வெளியே எடுக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம்: எட்டுப் பக்கம் என்றால் எட்டு நிமிடமா? அந்த ஊசி ஷாட்டை போனிலேயே எடுத்துவிட முடியுமா?

பூம்காரன்:

பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது திரைக்கதை வடிவத்தில் டைப் செய்த பக்கத்துக்கான கணக்கு, அதுவும் குத்துமதிப்புதான். நோட்டில் எழுதியதற்குப் பொருந்தாது. வாட்சை வைத்துக்கொண்டு நடித்துப் பாருங்கள். வசனமே இல்லாமல் ஒருவர் நூல் கோக்கத் திணறுவது பேப்பரில் ஒரு வரி, திரையில் ஒரு நிமிடம்கூடப் போகும்.

ஊசி ஷாட் போனில் வரும். ஆட்டோவில் விட்டால் ஃபோகஸ் ஊசிக்கும் முகத்துக்கும் இடையே அலைந்துகொண்டே இருக்கும். திரையில் ஊசி மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ரொம்பக் கிட்டே போகாதீர்கள், கொஞ்சம் தள்ளி வைத்து ஜூம் லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். டியூப் லைட்டில் படம் துடித்தால், மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கிற இடத்தில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள்.

இனி என் ஏரியா. வசனம் பேசும்போது தையல் மெஷின் ஓடவே கூடாது. நடிகர் மிதிக்கிற மாதிரி காலை ஆட்டினால் போதும். மெஷின் சத்தத்தைத் தனியாக, மைக்கைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்: மெதுவாக, வேகமாக, நின்றுபோகிற மாதிரி. எல்லாம் முடிந்ததும் யாரையும் எழவிடாமல், பேசவிடாமல் அந்த அறையின் ஆம்பியன்ஸை, அதாவது அங்கே இயல்பாகக் கேட்கும் பின்னணிச் சத்தத்தை, ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பேக்கப் அவசரத்தில் எல்லாரும் முறைப்பார்கள். அசையாதீர்கள்.