தேர்தலுக்குக் காசு போட்டவர் பிறகு என்ன கேட்பார்?

துணுக்காய்ப் பெடியன்:
வணக்கம். போன தேர்தலில் ஒரு வேட்பாளர் எங்கள் சனசமூக நிலையத்துக்குக் கதிரைகளும் கரப்பந்தாட்டப் பெடியளுக்கு உடுப்பும் தந்தார். மணல் ஏற்றுகிற ஒருவரின் காசு அது என்று ஊரில் கதை. சனம் "ஆர் தந்தால் என்ன, வந்தது லாபம்" என்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் தேவையில்லாமல் யோசிக்கிறேனா?

மாந்தைக் கமக்காரன்:
இல்லைத் தம்பி, யோசிக்கத்தான் வேணும். கதிரையை விடும், அது சின்னக் காசு. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது, ஆறு ஆசனம். கட்சிக்குப் போட்டு, அதில் பிடித்த ஆளுக்கும் போடுகிற விருப்பு வாக்கு என்றபடியால் ஒரே கட்சிக்காரனோடேயே போட்டி போட்டுக்கொண்டு தலைமன்னாரில் இருந்து கொக்கிளாய் வரை ஓடவேண்டும், வாகனம், டீசல், நோட்டீஸ், கூட வாற பெடியளுக்குச் சாப்பாடு, இதெல்லாம் ஒரு வாத்தியாராலோ கமக்காரனாலோ முடியுமா? அப்ப காசுள்ளவன் நிற்பான், இல்லையென்றால் காசுள்ளவன் பிடித்து நிறுத்திய ஆள் நிற்பான். நாங்கள் புள்ளடி போட முதலே பாதித் தெரிவு முடிந்துவிடுகிறது.

அந்தக் காசு திரும்பி வருகிற இடம் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம், எம்.பி. ஒருவர் தலைமையில் அதிகாரிகள் கூடி ஊர் விடயம் கதைக்கிற இடம். மணல் அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம்தான், ஆனால் ஊரில் எதிர்ப்பு வந்தால் இந்தக் கூட்டத்தில்தான் கதைக்கவேண்டும். எங்கள் வாய்க்கால் வீதியில் இரவிரவாக டிப்பர் ஓடி, கரை இடிந்து, காலபோக நெல்லுக்கு விட்ட தண்ணீர் கடைசி வயலுக்குப் போகவில்லை. கமக்காரர் அமைப்பு கடிதம் கொடுத்தது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் "பார்ப்போம்" என்று சொல்லி அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்.

சமூகக்கல்வி ரீச்சர்:
இந்தியாவில் 2018இல் தேர்தல் பத்திரம் என்று கொண்டுவந்தார்கள், கம்பனிகள் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் காசு கொடுக்கலாம். 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது, கட்சிக்கு ஆர் காசு கொடுக்கிறார் என்று அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்று.

எங்கள் இலங்கையிலும் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் இருக்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று உச்சவரம்பு வைத்தார்கள். முடிவு வந்து 21 நாளுக்குள் வேட்பாளர் வந்த காசு, போன காசு இரண்டுக்கும் கணக்குக் கொடுக்கவேண்டும், பொதுமக்களும் அதைப் பார்க்கலாம். ஆனால் கையில் கொடுத்த காசு, இரவல் வாகனம், கதிரை எல்லாம் அந்தக் கணக்கில் வருமா? நாங்கள் போய்ப் பார்க்காவிட்டால் எதை எழுதினாலும் சரிதான்.

துணுக்காய்ப் பெடியன்:
நன்றி அண்ணை, ரீச்சர். கணக்கைப் பார்க்கலாம் என்றே எனக்குத் தெரியாது. மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேட்கப்போகிறேன், அந்தக் கதிரைகள் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அண்ணை, அந்தக் கடிதத்தின் பிரதி இருந்தால் அனுப்புங்கோ.