மறு: ‘வொர்க் செஷன்’ – பொருளாய்வு அமர்வு என்று வைக்கலாமா?

அண்ணாச்சிக்கும் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்.

> ‘பணி அமர்வு’ என்று நேராகப் போட்டுவிடலாமே, எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்?

போடலாம், அண்ணாச்சி. ஆனால் நம்ம திருநெல்வேலி மாநகராட்சியில் ‘பணி’ என்றால் தார்ச்சாலை, வாறுகால், தெருவிளக்கு. பணிகள் குழு என்று ஒரு நிலைக்குழுவே இருக்கிறது. வார்டு மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபாவுக்கு வருகிற ஒரு பெரியவர், அமெரிக்க நகர மன்ற நடைமுறைகளைத் தமிழில் சொல்கிற நம் கையேட்டில் ‘பணி அமர்வு’ என்று படித்தால், கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு வைத்துப் பேசுகிற கூட்டம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அவருக்காகத்தானே இந்தக் கையேடு?

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் பல நகர மன்றங்களில், முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன்பாகவே உறுப்பினர்கள் ஒன்றாக உட்கார்ந்து, அடுத்து வரப்போகிற செலவுகளையும் உள்ளூர்ச் சட்டங்களையும் அதிகாரிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். பொதுமக்கள் பார்க்கலாம். வாக்கெடுப்பு பொதுவாகக் கிடையாது. ஊருக்கு ஊர் பெயர் மாறும்: வொர்க் செஷன், ஸ்டடி செஷன், பிரீஃபிங். சியாட்டில் மன்றத்தில் 9 பேர். பட்ஜெட் காலம் வந்தால் அந்த 9 பேருமே பட்ஜெட் குழுவாக மாறிவிடுகிறார்கள். மேயர் செப்டம்பர் கடைசியில் வரைவைக் கொடுப்பார். ஜனவரியில் நிதியாண்டு தொடங்குவதால் டிசம்பர் தொடக்கத்துக்குள் நிறைவேற்றியாக வேண்டும். இடைப்பட்ட இரண்டு மாதமும் துறை துறையாகக் கேள்விதான். ஆக, நம் சொல் இரண்டு விஷயத்தைத் தாங்க வேண்டும்: முடிவுக்கு முந்தியது, முடிவு எடுக்காதது.

‘ஆய்வுக் கூட்டம்’ என்று பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார்கள். அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் அமைச்சரோ செயலாளரோ வந்து, எந்தத் திட்டம் எத்தனை சதவீதம் முடிந்தது, ஏன் தாமதம் என்று அதிகாரிகளைக் கேட்பார்களே, அதுதான் ஆய்வுக் கூட்டம். பணம் ஒதுக்கி, வேலை தொடங்கிய பிறகு நடப்பது. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறான நேரத்தில் நடப்பது. ‘கலந்தாய்வு’ அழகான சொல்தான், ஆனால் அதை இன்ஜினீயரிங் சீட்டும் ஆசிரியர் இடமாறுதலும் எடுத்துக்கொண்டுவிட்டன. ‘பரிசீலனை’ வேண்டவே வேண்டாம். மனு கொடுத்துவிட்டு ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலை வாங்கியவர்களுக்கு அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று தெரியும்.

அப்புறம், நம் மாமன்றத்தின் அஜெண்டாவையே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு விஷயமும் ‘பொருள்’ என்று எண் போட்டு வரும். வேலையின் விவரம், மதிப்பீட்டுத் தொகை, எந்த நிதியிலிருந்து செலவு என்று நாலைந்து வரி. கடைசியில் ‘அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம்’. தகவலாக மட்டும் வைப்பது என்றால் ‘மன்றத்தின் பார்வைக்கும் பதிவிற்கும்’. ஆணையாளர் அவசரத்துக்கு மேயரின் முன் அனுமதியோடு செலவு செய்திருந்தால் மன்றத்தின் பின்னேற்பு கேட்பார்கள். எவ்வளவு துல்லியமான சொற்கள்! ‘ரிசீவ் அண்ட் ஃபைல்’ என்று அங்கே சொல்வதற்கு நாம் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை, ‘பார்வைக்கும் பதிவிற்கும்’ கையிலேயே இருக்கிறது.

அதனால் என் முன்மொழிவு: பொருளாய்வு அமர்வு. மன்றத்தில் ‘பொருள்’ என்ன என்று 55 வார்டு உறுப்பினர்களுக்கும் தெரியும். ‘ஆய்வு’ சட்டமன்றத்திலேயே இந்த அர்த்தத்தில் இருக்கிறது: சட்டமுன்வடிவை ‘ஆய்வு செய்தலும் நிறைவேற்றுதலும்’ என்று இரண்டாகப் பிரித்துத்தான் நிகழ்ச்சி நிரலில் எழுதுகிறார்கள். முதல் பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம். ‘கூட்டம்’ என்று முடிக்காததும் வேண்டுமென்றுதான். தீர்மானம் போடுகிற இடத்துக்குக் ‘கூட்டம்’ இருக்கட்டும், போடாத இடத்துக்கு ‘அமர்வு’. பொருளாதார ஆய்வோடு குழம்புமே என்று கேட்கலாம். தனியாகப் பார்த்தால் குழம்பும்தான். ‘மாமன்றப் பொருளாய்வு அமர்வு’ என்று முதல் இடத்தில் முழுதாக எழுதிவிட்டால் அந்தச் சந்தேகம் நிற்காது.

இன்னொன்றையும் இப்போதே திருத்திவிட வேண்டும். வரைவில் ‘சிட்டி ஆர்டினன்ஸ்’ வருகிற இடத்திலெல்லாம் ‘அவசரச் சட்டம்’ என்று இருக்கிறது. அது பெரிய தப்பாகிவிடும். நம் நாட்டில் அவசரச் சட்டம் என்பது நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கூடாத நேரத்தில் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ பிறப்பிப்பது. அமெரிக்க நகரத்தின் ஆர்டினன்ஸ் அதற்கு நேர் எதிர்: மன்றம் கூடி, வரைவைப் படித்து, வாக்களித்து இயற்றுவது. நம்மிடம் அதற்கு நெருங்கியது துணைவிதி. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளுக்குப் பிறகு உள்ளாட்சிகள் குப்பை பிரித்துக் கொடுப்பதற்கும் அபராதத்துக்கும் துணைவிதி கொண்டுவந்தன அல்லவா, அந்த வகை. ஆனால் அங்கே மன்றத்துக்கு உள்ள அதிகாரம் துணைவிதியைவிடப் பெரியது, ஆகவே ‘நகரச் சட்டம்’ என்று எழுதி, முதல் இடத்தில் துணைவிதியோடு ஒப்பிட்டு ஒரு வரி சேர்க்கலாம். ராமையன்பட்டி குப்பைக் கிடங்கில் தீப்பிடிக்கும்போதெல்லாம் புகையில் உட்காருகிற மக்களுக்கு, இந்த விதிகள் எங்கே எப்போது பேசப்படுகின்றன என்று சரியாகத் தெரிந்தாக வேண்டும்.

‘கன்சென்ட் அஜெண்டா’வுக்கு ‘ஒருசேர ஒப்புதல் பட்டியல்’ சரியாக இருக்கும். சர்ச்சை இல்லாத பொருள்களை மொத்தமாக ஒரே வாக்கில் நிறைவேற்றுவது. ஆனால் எந்த உறுப்பினரும் ஒரு பொருளை அதிலிருந்து வெளியே எடுத்துத் தனியாகப் பேசக் கேட்கலாம் என்பதை விளக்கத்தில் கட்டாயம் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால், விவாதமே இல்லாமல் எல்லாத் தீர்மானமும் நிறைவேறியது என்று பேப்பரில் படிக்கிறோமே, அதற்கு நாமே நல்ல பெயர் வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

அப்படி வெளியே எடுத்த பொருளுக்கும் ஒரு கலைச்சொல் வேண்டுமா என்று மேலப்பாளையம் தம்பி கேட்டிருந்தார். வேண்டாம், தம்பி. ‘தனியாக எடுத்த பொருள்’ என்றாலே புரிகிறது.