வண்டியைத் திறப்பதற்கு முன் கேள்வி கேட்கும் பட்டறைகள்

ஈரோட்டுக்காரர்:
நல்ல பைக் மெக்கானிக்கை எப்படி அடையாளம் காண்பது? "மைலேஜ் கொடுக்கல" என்று சொன்ன உடனே கார்புரேட்டரில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கிறவரிடம் வண்டியை விடவே கூடாது. பழைய பாணி மெக்கானிக் முதலில் கேட்பார்: எத்தனை நாளாக, காலையில் முதல் ஸ்டார்ட்டிலா இல்லை சூடான பிறகா, தனியாகப் போகும்போதா பின்னால் ஆள் இருக்கும்போதா. கேட்டுக்கொண்டே சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுவார். விட்ட வேகத்திலேயே நின்றால் பிரேக் ஷூ உரசுகிறது, அல்லது செயின் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது. பெட்ரோல் அங்கேதான் வீணாகிறது.

அடுத்து காற்று. ஸ்ப்ளெண்டருக்கு முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ. பின்னால் ஆள் ஏறினால் 41. குடும்பத்தோடு போகிறவர்களில் பலர் 28-லேயே ஓட்டுகிறார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஸ்பார்க் பிளக் வெளியே வரும். முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது, அதை டியூனிங்கில் சரிசெய்ய முடியாது. வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம், இன்ஜின் சூடேறும். பிளக் முனையின் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.8 முதல் 0.9 மி.மீ. வைப்பார். கண்ணால் பார்த்துத் தட்டி மூடுவது வேலையில் சேராது.

இரண்டு சக்கரம்:
டேப்பட் விஷயத்தையும், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "சாயங்காலம் விட்டுட்டுப் போங்க, காலையில இன்ஜின் ஆறினதும் செட் பண்றேன்" என்று சொல்கிற மெக்கானிக்கைக் கைவிடாதீர்கள். சூட்டில் உலோகம் விரியும், இடைவெளி மாறும். கம்பெனி கொடுக்கும் அளவு ஆறிய இன்ஜினுக்கானது. மேக்னட் வீலில், பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் 'டி' குறியைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகிறதா என்று விரலால் பார்க்க வேண்டும். ஆடாவிட்டால் பிஸ்டன் தவறான ஸ்ட்ரோக்கில் நிற்கிறது, இன்னொரு சுற்று சுற்ற வேண்டும்.

இதில் வாடிக்கையாளரும் சேர்ந்து செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. சத்தம் வருகிறது, குறைத்துக் கொடுங்கள் என்று வற்புறுத்துகிறோம். அவசரக்காரர் டேப்பட்டை இறுக்கிவிடுவார், வண்டி பஞ்சு மாதிரி ஓடும், நமக்கும் சந்தோஷம். ஆனால் வால்வு முழுதாக உட்காராது. சூட்டைத் தன் இருக்கைக்குக் கடத்த முடியாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகும், கம்ப்ரெஷன் போகும், காலையில் ஸ்டார்ட் ஆகாது. "லேசா சத்தம் இருக்கட்டும், அதுதான் நல்லது" என்று மறுத்துச் சொல்கிற மெக்கானிக் நம் இன்ஜினைக் காப்பாற்றுகிறார்.

ஈரோட்டுக்காரர்:
உண்மை. ஆயில் மாற்றும் விதத்தையும் கவனியுங்கள். நூறு சி.சி. ஸ்ப்ளெண்டருக்கு 900 மி.லி. போதும், அந்த அளவு பாட்டிலாகவே கிடைக்கிறது. சீலை நம் கண்முன் உடைக்க வேண்டும். பாட்டிலில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி (பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக்குறி) இருக்க வேண்டும். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கலாம். பைக்கின் கிளட்ச் பிளேட் அதே ஆயிலில்தான் நனைகிறது என்பதால் பிளேட் வழுக்கும், இன்ஜின் அலறும், வண்டி இழுக்காது. அப்புறம் நல்லாயிருந்த கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொல்வார்கள்.

ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டின் வாஷர் சில ரூபாய்தான், அதை மாற்றாமல் போல்ட்டை முறுக்கி முறுக்கி இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். ஸ்ப்ளெண்டரில் வலதுபக்க கவருக்குள், ஆயிலின் கசடைப் பிடிக்கும் ரோட்டர் ஃபில்டர் இருக்கிறது. ஆயில் மட்டும் மாற்றிக்கொண்டே போனால் அதில் படிந்த கசடு அப்படியே இருக்கும். கவர் கழற்றினால் கேஸ்கெட் புதிது போட வேண்டும், அந்தச் செலவை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை. கடைசியில் டிப் ஸ்டிக்கை மரையில் திருகாமல், சும்மா நுழைத்து எடுத்து நமக்குக் காட்டுவார்.

வேளச்சேரி வாசி:
சென்னையில் பட்டறையின் தரம் தெரிவது வெள்ளத்துக்குப் பிறகு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சீட் வரை மூழ்கிய வண்டிகள் ஏராளம். நல்லவர்கள் போனிலேயே சொல்லிவிடுவார்கள்: "செல்ஃப் அடிக்காதீங்க, கிக்கரும் வேண்டாம், தள்ளிட்டு வாங்க." சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். காம்ப்ரஹென்சிவ் பாலிசி இருந்தால் எதையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்து இன்சூரன்ஸில் சொல்லச் சொல்வதும் இவர்கள்தான்.

வேலையின் வரிசை இப்படி: முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கழற்றப்படும். பிளக்கைக் கழற்றி, மெதுவாகக் கிக்கரை மிதித்துத் துளை வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள், பிறகு சிலிண்டருக்குள் சில சொட்டு ஆயில். டேங்க், கார்புரேட்டர் கிண்ணம் இரண்டையும் வடிக்க வேண்டும், பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தங்கியிருக்கும். இன்ஜின் ஆயில் வெளுத்துக் கலங்கி வந்தால் ஒரு தடவை மாற்றினால் போதாது. விலை குறைந்த ஆயில் ஊற்றி, பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி, வடித்துப் பார்த்து, இன்னும் கலங்கினால் மறுபடியும் அப்படியே. தெளிவாக வந்த பிறகுதான் நல்ல ஆயில். பேப்பர் ஏர் ஃபில்டரைக் காயவைத்துத் திரும்பப் போடக்கூடாது. இரண்டு பிரேக் டிரம்மையும் கழற்றிச் சேற்றை எடுக்க வேண்டும். வீல் பேரிங், கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) இரண்டும் அப்போது சத்தம் போடாது. துரு ஏறி, ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் ஹேண்டில் திரும்பும்போது கட்டை தட்டும். அதை அன்றைக்கே சொல்லி அனுப்புகிறவர் நேர்மையானவர்.

டெல்டா எக்ஸெல்:
எங்கள் பக்கம் இன்னும் டூ ஸ்ட்ரோக் டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட் நெல் மூட்டை ஏற்றுகிறது. "இழுவை இல்லை" என்றால் போர் வேலை (சிலிண்டரைக் குடைந்து புது பிஸ்டன் போடுவது) சொல்லிவிடுவது சுலபம். விவரம் தெரிந்தவர், பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்கிறீர்கள் என்று முதலில் கேட்பார். லிட்டருக்கு 20 மி.லி. கணக்கு. கைக்கு வந்தபடி ஊற்றினால் சைலன்சரில் கரி அடைத்து இழுவை போகும். குறைத்தால் பிஸ்டன் ஜாம் ஆகும். சைலன்சர் உள்குழாயைச் சுத்தம் செய்து, எக்ஸாஸ்ட் வாயில் படிந்த கரியைச் சுரண்டியதும் பாதி வண்டிகளுக்கு இழுவை திரும்பிவிடும், போர் தேவையே இல்லை.

இரண்டு சக்கரம்:
2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புதுப் புகை விதி) வண்டிகளில் இதெல்லாம் எடுபடாது என்பார்கள். அப்படியில்லை. ஸ்டார்ட்டிங் பிரச்சினை என்று வந்தால் முதலில் மல்ட்டி மீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். வண்டியை ஓடவிட்டு த்ராட்டில் கொடுத்தால் சுமார் 14-க்கு ஏற வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது, புதுப் பேட்டரி மாட்டினாலும் கெடும். இதைப் பார்க்காமல் சென்சார் மாற்றுவது பணத்தைக் கொட்டுவதுதான். எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருந்து, கையில் ஸ்கேனர் இல்லாவிட்டால் "என்கிட்ட அந்த டூல் இல்ல, ஷோரூம்ல எரர் கோடு பார்த்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பும் மெக்கானிக்கிடம் மற்ற வேலைகளைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

மலைப்பாதை:
கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். நல்ல பட்டறையில் கேட்கவே வேண்டாம், புது சாமான் வந்த கவரிலேயே போட்டுக் கொடுத்துவிடுவார்கள், விலையும் அதில் இருக்கும். செயின் தேய்ந்ததா என்று சந்தேகமா? பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கடைசியில் செயினை இரண்டு விரலால் பிடித்து இழுங்கள். பல் பாதி தெரியும் அளவுக்கு எழும்பினால் ஆயுள் முடிந்தது. அப்போது செயினை மட்டும் மாற்றாமல் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து கிட்டாகவே போட வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும். பிரேக் ஷூவுக்குக் கழற்றவே தேவையில்லை: பிரேக்கை முழுதாக மிதித்து, டிரம் பிளேட்டில் உள்ள அம்புக்குறி கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் ஷூ மாற்ற வேண்டும்.

புது செயின் கிட் போட்ட வண்டி முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். "500 ஓடினதும் கொண்டு வாங்க, டைட் பண்ணித் தர்றேன், காசு வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்களா என்று கவனியுங்கள். இறுக்கும்போது இருபக்கமும் அட்ஜஸ்டர் கோடு ஒரே அளவில் இருக்க வேண்டும், ஆக்ஸில் நட் கடைசியில் ஸ்பானர் போட்டு ஒரு தடவை பார்க்கப்பட வேண்டும்.