அக்கா மக பாறை ஏறுறா, இதுல பொழப்பு ஓடுமா?

கம்பத்துக்காரன்:
அண்ணே ஒரு சந்தேகம். அக்கா மகளுக்கு 14 வயசு, வீடு லோயர்கேம்ப் பக்கம். லீவு விட்டா போதும், வீட்டுக்குப் பின்னாடி கரட்டுல வெறுங்காலோட பாறையில தொத்திக்கிட்டு கெடக்கா. யூடியூப்ல பாறை ஏறுற அமெரிக்கப் பொண்ணு அஷிமா ஷிராய்ஷிய பாத்துட்டு நானும் அப்படித்தான் ஆவேன்ங்குறா. அக்கா என்னடான்னா பொட்டப்புள்ள கைகால ஒடச்சுக்கிட்டா யாரு பாக்குறதுன்னு என்னைய வையுது, நான்தான் போன குடுத்துக் கெடுத்தேனாம். நெசமாவே இதுல சம்பாதிக்க முடியுமா?

பாறைப்பல்லி:
அஷிமா கதைய முழுசா சொல்லுங்க தம்பி. நியூயார்க் சென்ட்ரல் பார்க் பாறையில 6 வயசுல ஆரம்பிச்சது, அப்பாதான் கோச், அம்மா ஏறுறதுக்குப் பேன்ட் தச்சுக் குடுத்தாங்க. 2016ல ஜப்பான்ல வி15 பாறைய (வி-ங்கிறது பாறை எவ்வளவு கஷ்டம்னு சொல்ற கிரேடு, நம்பர் கூடக் கூடக் கஷ்டம்) ஏறினப்ப 14 வயசுதான், அதுக்கு முன்னாடி எந்தப் பொண்ணும் அந்த கிரேடு ஏறினதில்ல. அதே வருஷம் செயற்கைச் சுவர் ஏறுற ஜிம்ல 45 அடியிலருந்து விழுந்துச்சு, நல்லவேளை பெருசா ஒண்ணும் ஆகல. ஸ்பான்சர் எல்லாம் இருந்தும் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்க்குப் போக முடியல. அந்தப் புள்ளைக்கே அப்படி. நம்மூர்ல போட்டிய மட்டும் நம்பாம உத்தரகாசியில மலையேற்றம் சொல்லிக் குடுக்குற நேரு இன்ஸ்டிடியூட்ல கோர்ஸ் முடிச்சு இன்ஸ்ட்ரக்டரா போறவங்கதான் ஏதோ வண்டிய ஓட்டுறாங்க.

குமுளி_ஏலக்கா:
கயிறே இல்லாம கர்நாடகாவுல சித்ரதுர்கா கோட்டையில ஏறுற ஜோதிராஜ் நம்ம தேனி மாவட்டத்துல பொறந்தவருதான். ஆனா அத வீட்டுல சொல்லிராதீங்க, அக்கா தாளிச்சுரும் 😄

பாறைப்பல்லி:
முக்கியமா ஒண்ணு மறந்துட்டேன். இந்த வயசுல விரல் எலும்பு இன்னும் வளந்துக்கிட்டு இருக்கும், விரல் நுனிய மட்டும் வச்சு தொங்குற பயிற்சி, கேம்பஸ் போர்டு (கால் வைக்காம விரலாலயே கட்டைக்குக் கட்டை தாவி ஏறுற பலகை) எல்லாம் இப்ப வேணாம், வளர்ற எடத்துலயே விரிசல் விட்ரும். நடுவிரல் கணு வலிச்சா உடனே நிறுத்தச் சொல்லுங்க. சாரல் அடிக்கிற மாசத்துல கரட்டுப் பக்கமே விடாதீங்க, பாசி வழுக்கும். பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்துல செயற்கைச் சுவர் இருக்கு, ஒருதடவ கூட்டிட்டுப் போய் கயிறோட ஏற விட்டுப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்.

கம்பத்துக்காரன்:
நல்லவேள சொன்னீங்க, நேத்து வரைக்கும் நெலைவாசல்லதான் விரல வச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தா, பெயிண்டே உரிஞ்சு போச்சு. நிறுத்திட்டேன். லீவுல பெங்களூர் போறதா இருக்கோம். அக்காகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல. ராத்திரி சோறு போடுறப்ப மட்டும் கேட்டுச்சு, அந்தம்மா பேன்ட்ட என்ன துணியிலடா தச்சுச்சுன்னு.