மாத பாஸா, கார்டா? வாரத்துக்கு மூணு நாள்தான் ஆபீஸ்

ஜன்னலோரம்:
வணக்கம் மக்களே. சின்னக் கணக்குதான், ஆனா ரெண்டு நாளா தூக்கம் கெடுது.

போன மாசம் வேலை மாறினேன். பழைய ஆபீஸ் நடக்கிற தூரம், அதனால இந்த பாஸ் சமாச்சாரமே எனக்குப் புதுசு. இப்போ வீட்டுப் பக்கத்துல மெட்ரோ ஏறினா 9 ஸ்டேஷன், இறங்கி பஸ்ல 4 ஸ்டாப். செவ்வாய், புதன், வியாழன் ஆபீஸ் கட்டாயம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் திங்களும் வரணும். மத்த நாள் வீட்டிலிருந்தே வேலை.

விலையைப் பணமாச் சொன்னா ஆளாளுக்கு ஊர் வேற, குழம்பிடும். அதனால என் மெட்ரோ ஒற்றை டிக்கெட்டை 1 பங்குன்னு வெச்சுக்கங்க. பஸ் டிக்கெட் அதுல மூணில் ஒரு பங்கு. மெட்ரோவுக்கு மட்டும் மாத பாஸ்னா 32 பங்கு. மெட்ரோ, பஸ் ரெண்டுக்கும் சேர்த்துன்னா 44. அந்தச் சேர்ந்த பாஸையே வருஷத்துக்கு எடுத்தா 440, அதாவது பத்து மாசக் காசுல பன்னிரண்டு மாசம். இதெல்லாம் வேண்டாம்னா காசு ஏத்தித் தட்டிட்டுப் போற கார்டு இருக்கு. அதுல மெட்ரோ, பஸ் ரெண்டுக்கும் 10 சதவீதம் தள்ளுபடி.

கவுண்டர்ல இருந்தவர், "33 தடவை போனீங்கன்னா சேர்ந்த பாஸ் காசு வந்துடும், அதுக்கு மேல எல்லாம் லாபம்"னார். பக்கத்து சீட்காரர் வருஷ பாஸ் வெச்சிருக்கார், "கண்ணை மூடிட்டு எடுங்க"ங்கறார். நேத்து ராத்திரி கால்குலேட்டரோட உக்காந்து, மாசத்துக்கு 22 வேலை நாள், 44 பயணம்னு போட்டு, ஆஹா லாபம்னு மூடி வெச்சுட்டுப் படுத்தேன். பாதி ராத்திரியிலதான் உறைச்சுது, நான் 22 நாள் போறதே இல்லையே.

எதை எடுக்கலாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கடைசிப்பெட்டி:
பாஸ், பாஸ் எடுங்க. ரெண்டு காசு கூடப் போனாத்தான் என்ன? திங்கக்கிழமை காலைல கார்டுல காசில்லாம கேட் திறக்காது, பின்னாடி நாப்பது பேர் முறைப்பாங்க. அந்த அவமானத்துக்கு விலை போட முடியாது. ஞாயித்துக்கிழமை சும்மா சுத்தலாம், தப்பான ஸ்டேஷன்ல இறங்கினாக்கூட கவலை இல்லை. நான் ஆறு வருஷமா மாத பாஸ்தான், கணக்கே பார்த்ததில்லை.

ஏழரைமணிவண்டி:
கணக்குப் பார்க்காதவர் சொல்வதைக் கேட்டுப் பாஸ் எடுக்காதீர்கள் தம்பி. (கடைசிப்பெட்டி கோபித்துக்கொள்ள மாட்டார், பழைய சிநேகிதம்.)

முதலில் அந்த 33. மெட்ரோ 1, பஸ் மூன்றில் ஒன்று, இரண்டையும் கூட்டி 44-ஐ வகுத்தால் 33 வரும். வகுத்தது சரிதான். ஆனால் பாஸ் இல்லாவிட்டால் நீங்கள் முழு டிக்கெட்டா வாங்கப் போகிறீர்கள்? கார்டைத் தட்டுவீர்கள். 10 சதவீதம் போக ஒரு பயணத்துக்கு 1.2 பங்குதான் செலவு. 44-ஐ 1.2-ஆல் வகுத்துப் பாருங்கள். 37 பயணம் போனால்தான் பாஸ் ஜெயிக்கும். 33-க்கும் 37-க்கும் நடுவில் இரண்டு முழு வேலை நாள் ஒளிந்திருக்கிறது. பாஸை எப்போதும் அதற்கு அடுத்து மலிவாக இருப்பதோடு ஒப்பிட வேண்டும், இருப்பதிலேயே விலை கூடியதோடு அல்ல. கவுண்டர்காரர் பொய் சொல்லவில்லை. அவர் விற்கிற பொருளுக்குத் தோதான கணக்கைச் சொன்னார், அவ்வளவுதான்.

உங்களுக்கு வாரத்துக்கு சராசரி மூன்றரை நாள். மாதத்துக்கு 15 நாள், 30 பயணம். அதுவும் ஒரு நாள்கூட லீவு போடாமல், காய்ச்சல் வராமல், அரசு விடுமுறை செவ்வாயில் வந்து விழாமல் இருந்தால். வரப்போகிற மாதத்தை எண்ணும்போது நாம் எல்லோருமே லீவே எடுக்காத உத்தமர்கள். அதனால் போன மாதத்தை எண்ணுங்கள். டிக்கெட்டை எதிலாவது குறித்து வைத்திருந்தால் அதைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆபீஸ் வருகைப் பதிவு இருக்கும்.

வருஷ பாஸ் கதை என்னிடம் ஒன்று இருக்கிறது. இதே பத்து மாதக் காசு, இரண்டு மாதம் இலவசம். ஆசையாக வாங்கினேன். ஐந்தாம் மாதம் முடியும்போது ஆபீஸை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டே ஸ்டேஷன் தள்ளித்தான், ஆனால் அது அடுத்த கட்டண மண்டலம். பாஸ் செல்லாது. சரி, திருப்பிக் கொடுத்துவிடுவோம், 12-ல் 7 மாதம் மீதி, கட்டியதில் பாதிக்கு மேல் வரும் என்று போனேன். அவர்கள் கணக்கு வேறு. பயன்படுத்திய ஐந்து மாதத்துக்கும் மாத பாஸ் விலையைப் போட்டுக் கழித்தார்கள். கட்டியது பத்து மாதக் காசு, கழிந்தது ஐந்து, மீதி ஐந்து, அதிலும் ஒரு கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். பாதிக்கும் குறைவு. அந்த இரண்டு மாத இலவசம் கடைசி இரண்டு மாதத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதுவரை தாக்குப்பிடித்தால்தான் உங்களுக்கு. பத்து மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் கையில் வருவது பூஜ்யம். பல ஊர்களில் திருப்பிக் கொடுக்கும் கணக்கு இந்த ரகம்தான். வாங்குவதற்கு முன்னால் அந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிடுங்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தானே ஆகிறது, வருஷ பாஸை மறந்துவிடுங்கள்.

என்றைக்காவது மாத பாஸ் எடுப்பதாக இருந்தால், அது ஒன்றாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரையா, வாங்கின நாளிலிருந்து 30 நாளா என்று கேளுங்கள். 30 நாள் என்றால் நான்கு வாரமும் இரண்டு நாளும். செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தால் அந்த உபரி இரண்டு நாள் செவ்வாயும் புதனும். ஆபீஸ் போகிற நாள். வெள்ளிக்கிழமை ஆரம்பித்தால் வெள்ளியும் சனியும், நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். அதே பாஸ், அதே விலை, நான்கு பயணம் வித்தியாசம்.

குடைக்காரி:
ஏழரை அண்ணா சொன்னதுல ஒரு திருத்தம். நாளை எண்ணாதீங்க, ஏறி இறங்கறதை எண்ணுங்க. எனக்கும் வாரத்துக்கு மூணு நாள்தான் ஆபீஸ். ஆனா காலைல பொண்ணை விட்டுட்டுப் போகணும், சாயந்திரம் அம்மாவைப் பார்த்துட்டு, பொண்ணைக் கூட்டிட்டு வரணும். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கார்டு தட்டறேன். ஆபீஸ் இல்லாத நாளும் ரெண்டு தடவை. எனக்கு மாத பாஸ் கண்ணை மூடிட்டு லாபம். போற வழி, வர்ற வழின்னு ரெண்டே தட்டு தட்டறவங்களுக்கு அது கிடையாது.

இன்னொண்ணு. உங்க ஊர்ல கட்டண உச்சவரம்பு இருக்கான்னு பாருங்க. அதாவது சும்மா தட்டிட்டே போனாப் போதும், ஒரு அளவுக்கு மேல அதுவே காசு எடுக்காது. லண்டன்ல வார உச்சவரம்பு திங்கள்ல ஆரம்பிச்சு ஞாயிறோட முடியும். நியூயார்க்ல முதல் தட்டுலேருந்து 7 நாள், அதுக்குள்ள 12 பயணம் ஆயிட்டா மிச்ச நாளெல்லாம் சும்மா போகலாம். வாரத்துக்கு ஏழெட்டுப் பயணம் போறவர் அந்த 12-ஐத் தொடவே மாட்டார், ஆனா தொடலைன்னாலும் நஷ்டம் இல்லை. முன்கூட்டியே பாஸுக்குக் கொட்டிக் குடுத்துட்டு முழிக்க வேண்டாம் பாருங்க.

இதுல நான் ஏமாந்த இடம் ஒண்ணு இருக்கு. நான் முன்னாடி இருந்த ஊர்ல உச்சவரம்பு உண்டு. காலைல போன்ல தட்டுவேன். சாயந்திரம் போன்ல சார்ஜ் இருக்காது, பர்ஸிலிருந்து அதே வங்கிக் கார்டை எடுத்துத் தட்டுவேன். ஒரே கார்டுதானே, ஒரே கணக்குலதானே பணம் போகுதுன்னு நினைச்சேன். வாரக் கடைசில பார்த்தா உச்சவரம்பு வரவே இல்லை. ஏன்னா போன்ல ஏத்தின கார்டுக்கு வேற ஒரு நம்பர் போட்டுத்தான் கேட்டுக்கு அனுப்புது. கேட்டைப் பொறுத்தவரை காலைல போனது ஒருத்தி, சாயந்திரம் வந்தது இன்னொருத்தி. அதை விடக் கொடுமை, ஒரு நாள் போன்ல தட்டி உள்ள போய், கார்டுல தட்டி வெளிய வந்தேன். ரெண்டு முடியாத பயணம்னு ரெண்டுலயும் அதிகபட்சக் கட்டணம் எடுத்துட்டாங்க. ஒண்ணை எடுத்தா ஒண்ணையே பிடிச்சுக்கங்க.

ஆமா தம்பி, அந்த 4 ஸ்டாப் பஸ்ல நெஜமாவே ரெண்டு வேளையும் ஏறறீங்களா?

கடைசிப்பெட்டி:
குடைக்காரி அக்கா, எனக்கும் இந்த போன் கார்டு விஷயம் தெரியாது. ஆறு வருஷ பாஸ் வாழ்க்கைல முதல் தடவையா கணக்குப் பார்க்கலாம்னு தோணுது. பார்க்க மாட்டேன்.

ஏழரைமணிவண்டி:
பார்க்காதீர்கள், வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும்.

ஒன்று விட்டுப்போயிற்று. வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஆபீஸ் என்பது இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டதால், அதற்கென்றே பாஸ் வரத் தொடங்கியிருக்கிறது. இங்கிலாந்து ரயில்களில் 2021-லிருந்து ஒன்று இருக்கிறது. 28 நாளுக்குள் ஏதாவது 8 நாள், எந்த எட்டு என்பது நம் இஷ்டம். இந்த மாதிரி ஏதாவது உங்கள் ஊரிலும் உண்டா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் கவுண்டரில் தானாகச் சொல்ல மாட்டார்கள். ஜெர்மனியில் 2023 மே மாதம் வந்த நாடு தழுவிய டிக்கெட் இன்னொரு ரகம். அது மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா, நிறுத்த வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மாதிரி பாஸில் தேதியை மறந்தால் ஒரு மாதக் காசு போச்சு.

ஜன்னலோரம்:
எல்லாருக்கும் நன்றி. உக்காந்து எண்ணிட்டேன். குடைக்காரி அக்கா அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் கொஞ்சம் வெக்கமாத்தான் இருந்துச்சு.

போன மாசம் ஆபீஸ் போனது 13 நாள். ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் அரசு விடுமுறை, அது சொல்லி வெச்ச மாதிரி புதன்கிழமை. மெட்ரோ 26 தடவை. பஸ் காலைல 13 தடவையும் ஏறியிருக்கேன், லேட்டாயிடும்ங்கற பயம். சாயந்திரம் மூணே மூணு தடவை. பஸ் ஸ்டாப்புல நின்னா பத்து நிமிஷம், நடந்தா பன்னிரண்டு நிமிஷம், கூட வேலை பாக்கறவங்க பேசிட்டே நடப்பாங்க, நானும் நடந்துடறேன். ஆக பஸ் 16 தடவை. கார்டுல போட்டா மெட்ரோ 23.4, பஸ் 4.8, மொத்தம் 28.2 பங்கு. சேர்ந்த பாஸ் எடுத்திருந்தா 44. பதினாறு பங்கைத் தூக்கிக் குடுத்திருப்பேன்.

இதுல ஒரு சிக்கல். அடுத்த மாசம் ரெண்டு வாரம் பயிற்சி, அஞ்சு நாளும் ஆபீஸ். கணக்குப் போட்டா 18 நாள் வருது, மெட்ரோ 36 தடவை. கார்டுல 32.4 பங்கு, மெட்ரோ மாத பாஸ் 32. அந்த ஒரு மாசம் மட்டும் பாஸ் எடுக்கலாமா? பஸ்ஸுக்கு எப்படியும் கார்டுதான்.

ஏழரைமணிவண்டி:
0.4 பங்கு லாபத்துக்கா? ஒரே ஒரு நாள் லீவு போட்டீர்கள் என்றால் கார்டு செலவு 30.6-க்கு இறங்கிவிடும், பாஸில் 1.4 நஷ்டம். 18 நாளும் தவறாமல் போனால் கிடைப்பது ஒரு பஸ் டிக்கெட்டை விடக் கொஞ்சம் கூட. அந்தப் பந்தயம் உங்களுக்கு எதிரானது. சனி, ஞாயிறு மெட்ரோவில் எங்கேயாவது போகிற பழக்கம் இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் கார்டிலேயே விடுங்கள்.

கேட்க மறந்தேன், அந்தப் பக்கத்து சீட்காரருக்கு வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ்?

ஜன்னலோரம்:
சனி, ஞாயிறு நான் வீட்டை விட்டே கிளம்பறதில்லை அண்ணே. கார்டுதான், மாசத்துக்குப் போதுமான காசை ஏத்தியாச்சு. கடைசிப்பெட்டி சொன்ன அந்த நாப்பது பேர் முறைக்கிறது இருக்கே, அதுக்கு மட்டும் பயந்து.

பக்கத்து சீட்காரர்கிட்ட இன்னிக்குக் கேட்டேன். அவருக்கும் மூணு நாள்தான். எப்படிங்க கட்டுப்படியாகுதுன்னா, சிரிக்கிறார். வருஷ பாஸ் கம்பெனி வாங்கிக் குடுத்ததாம். எனக்கும் உண்டான்னு எச்ஆர்ல போய் நின்னேன். சேர்ந்து ஆறு மாசம் ஆகணுமாம்.